தண்ணீர் ஊற்றிய கை

புனிதத்தின் வாயிலிருந்து ஓர் ஆறுதல் வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். மாதம் நிரம்பாமல் பிறந்த பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற அறையில் அவள் சிற்றூழியர். கூட்டித் துடைப்பது, தண்ணீர் சுடவைப்பது, தாய் தகப்பனுக்கு முகம் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வாசலில் நிற்கிற தாய் நடுங்கிக்கொண்டு, "அக்கா, என்ர பிள்ளை தப்புமோ?" என்று கேட்பாள். வேறு யாராவது என்றால், "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எல்லாம் சரிவரும்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டில் போவார்கள். புனிதம் அப்படிச் சொல்லமாட்டாள்.

"தெரியாது பிள்ளை" என்பாள். பிறகு, காலையில் டொக்டர் என்ன சொன்னாரோ அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். ஆஸ்பத்திரிப் படலையடியில் நிற்கிற தகப்பனைக் கூட்டிவந்து, வாசலில் கிடக்கிற வாங்குப் பலகையில் தாய்க்குப் பக்கத்தில் இருத்துவாள். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பாள். நேரம் இருந்தால் தானும் அந்த வாங்கின் நுனியில் குந்திக்கொண்டு சும்மா இருப்பாள். புதிதாக வந்த தாதிமாருக்கு இது பிடிக்காது. மனுசி ஆட்களைத் தேற்றுகிறதா, பயப்படுத்துகிறதா என்று முறைப்பாடு சொல்வார்கள். ஆனால், புனிதம் லீவில் நிற்கிற நாளில் அந்தப் புருசன் பெண்சாதிகள் "புனிதமக்கா எப்ப வருவா?" என்றுதான் கேட்பார்கள். இது நடந்தது இரண்டாயிரமாம் ஆண்டில்.

அவள் பிறவியிலேயே வாய் கட்டினவள் அல்ல. மூன்று வருடத்துக்கு முன்னால், வாய் நிறையப் பொய் சொல்லித் தேற்றுவதில் அந்த வன்னியிலே அவளுக்கு இணை இல்லை. அந்த வாய் எப்படி அடைபட்டது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம். அதில் அவளுக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அவளை நல்லவளாக்கிக் காட்டவும் யாராலும் முடியாது.

புனிதம் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். புருசன் யாக்கோப்பு கடலுக்குப் போகிறவன். மீன் படுகிற பருவத்தில் இரண்டு பேரும் நாயாற்றுக்குப் போய் ஓலைக் குடிசையாக ஒரு வாடி போட்டுத் தங்குவார்கள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுப் பருவத்தில் அவளுக்கு ஏழு மாதம். கல்யாணம் முடித்துப் பத்து வருடத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை. அது பொறுமை இல்லாமல் அந்த வாடிக்குள்ளேயே பிறந்துவிட்டது. ஒரு கொத்து அரிசியின் பாரம்கூட இருக்காது. அழுதது யாருக்கும் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

பிள்ளை தங்காது என்று பார்த்த உடனேயே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்காமல் விட்டால் அது மோட்சத்துக்கு வெளியே நிற்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள். யாக்கோப்பு உபதேசியாரைக் கூட்டிவர ஓடினான். கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற அந்த மனுசனின் வீடு நாலு கட்டை, அதாவது நாலு மைலுக்கு அப்பால். அவரை சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது பிள்ளை மூச்சடங்கி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

உபதேசியார் வேர்வையைத் துடைத்தபடி கேட்டார்: "ஏன் பிள்ளை, நீயே தண்ணி ஊத்தியிருக்கலாமே. சாகக்கிடக்கிற பிள்ளைக்கு ஆரும் ஞானஸ்நானம் குடுக்கலாம். உனக்குத் தெரியாதோ?"

அவளுக்குத் தெரியாது. வாடிக்குள் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் களப்பு முழுக்கத் தண்ணீர். அத்தனை தண்ணீருக்கும் நடுவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வழியைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். அந்த ஊர் வழக்கப்படி பிள்ளையைச் சேமக்காலைக் கல்லறைகளின் வேலிக்கு வெளியே புதைத்தார்கள். பிறகொரு நாள் இளம் சுவாமியார் ஒருவர், இப்போது திருச்சபை அப்படிச் சொல்வதில்லை, உங்கள் பிள்ளை ஆண்டவரிடம்தான் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். "ஓம் சுவாமி" என்று கேட்டுக்கொண்டாள். ஆனால் வேலி அதே இடத்தில்தான் நின்றது. அதைக் கடந்து கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கூனிக் குறுகிப் போனாள்.

தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கடற்கரையை விட்டு உள்ளே வந்தார்கள். யாக்கோப்பு கடல் இல்லாத ஊரில் விறகு வெட்டப் பழகினான். புனிதத்துக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியும் இடம்பெயர்ந்து வந்ததுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் இயங்கியது. நாலாம் வகுப்பு அறைதான் பிள்ளைகளின் அறை. கண்ணாடிப் பெட்டி இரண்டு இருந்தன. ஜெனறேற்றருக்கு எண்ணெய் கிடைக்கிற நேரத்தில் மட்டும் ஒன்று சூடாகும். மற்றப் பிள்ளைகளுக்கு மரப்பெட்டிக்குள் பஞ்சு பரப்பி, வெந்நீர் நிரப்பிய சேலைன் போத்தல்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்திருப்பார்கள். கண்ணாடிப் போத்தல்கள் ஏழே ஏழு. மணிக்கு ஒருதரம் ஆறின தண்ணீரை ஊற்றிவிட்டுச் சுடுதண்ணீர் நிரப்புவது புனிதத்தின் வேலை. அந்த அறையில் உயிர் என்பது பெரும்பாலும் சூடுதான்.

அந்த வேலையில் அவள் குறை வைக்கவில்லை. அதோடு, யாரும் சொல்லாமலே தேற்றுகிற வேலையையும் கையில் எடுத்துக்கொண்டாள். தகப்பன்மாருக்கு உள்ளே வர அனுமதி இல்லை. மத்தியானம் ஒரு மணித்தியாலம் தாய்மார் படுக்கிற வாட்டு வாசல்வரை வரலாம், அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்கும் செய்தி கொண்டுபோகிறவள் புனிதம். சாப்பிடாமல் நிற்கிற புருசனைப் பற்றிப் பெண்சாதியிடம், "அவர் வயிறாரச் சாப்பிட்டிட்டு நிழலில கிடக்கிறார்" என்பாள். அழுதழுது பால் வற்றிப்போன பெண்சாதியைப் பற்றிப் புருசனிடம், "பால் வடிஞ்சு ஓடுது தம்பி" என்பாள். இரண்டு பேரிடமும், "பிள்ளையை உங்கட கையில தந்துதான் அனுப்புவன், இது என்ர பொறுப்பு" என்பாள். நாக்கு ஒருதரமும் தடுமாறியதில்லை. ஆட்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிடு வாங்குவது அவளுக்கும் பிடித்திருந்தது.

இன்னொரு வேலையும் செய்தாள், அது ஒருவருக்கும் தெரியாது. வேதக்காரப் பிள்ளை ஒன்று போகப்போகிறது என்றால் தாய் தகப்பனே கேட்பார்கள், புனிதம் தண்ணீர் ஊற்றுவாள். சைவப் பிள்ளைகளுக்கு யார் கேட்கப்போகிறார்கள்? டொக்டர் கையை விரித்துவிட்டுப் போன பிறகு, அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஆறவைத்த தண்ணீரில் விரலை நனைத்து மூன்று சொட்டு நெற்றியில் விடுவாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஒரு வருடத்துக்குள் அப்படி நாலு பிள்ளைகள். நாலும் செத்துப்போயின. அந்தத் தாய்மாருக்குத் தெரியவே தெரியாது. யாருக்கு என்ன நட்டம், மூன்று சொட்டுத் தண்ணீர்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஒருவருக்கும் தெரியாமல் ஏன் செய்கிறேன் என்று மட்டும் அவள் தன்னைக் கேட்டுப் பார்த்ததில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு வைகாசியில் சிவலட்சுமி வந்தாள். முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் வயல் செய்கிற யோகநாதனின் பெண்சாதி. அவர்களுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். சிவலட்சுமிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறியிருந்தன. இது மூன்றாவது. ஏழரை மாதத்தில் பிறந்த பெண்பிள்ளை, ஆயிரத்து முந்நூறு கிராம். மூக்குக்குள் விட்ட குழாய் வழியாகத் தாய்ப்பால் போகும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் சிவலட்சுமி பாலைப் பீய்ச்சிக் கோப்பையில் கொண்டுவருவாள். பால்மா வருவதற்கு வழியில்லாத காலம். அந்தக் கோப்பைதான் பிள்ளையின் சீவன்.

யோகநாதன் ஒன்றுவிட்டு ஒரு நாள் இருபது கட்டை சைக்கிள் மிதித்து வருவான். அதிகம் கதைக்காத ஆள். மூங்கில்போல் நெடுநெடுவென்று படலையடியில் நின்று, புனிதம் வெளியே வந்ததும் அவள் முகத்தையே பார்ப்பான்.

"தம்பி, உங்கட மகள் கெட்டிக்காரி. நீங்கள் பேர் மட்டும் யோசியுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"நீங்கள் சொன்னாச் சரியக்கா" என்று அவன் சைக்கிளைத் திருப்புவான். அந்த இருபது கட்டையும் அவளுடைய சொல்லை நம்பி மிதித்துக்கொண்டு போவான்.

மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலில் கிடந்த றஞ்சனியின் பிள்ளை போய்விட்டது. கடற்கரைப் பக்கத்து வேதக்காரப் பெண். அவளும் புருசனும் கேட்டபடியால் புனிதம் எல்லோரும் பார்க்கத் தண்ணீர் ஊற்றினாள். பெட்டி படுக்கையைக் கட்டும்போது றஞ்சனி சிவலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனித் தங்காது எண்டு தெரிஞ்ச பிறகுதான் புனிதமக்கா தண்ணி ஊத்தினவா. அது எங்களுக்கு ஒரு ஆறுதல்" என்று சொல்லி அழுதாள். சிவலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் காலையிலிருந்து சிவலட்சுமியின் பிள்ளை மூச்சை மறக்கத் தொடங்கியது. நீலம் பாரிக்கும், உள்ளங்காலில் விரலால் சுண்டினால் மறுபடி மூச்சு வரும். மத்தியானத்துக்குள் எட்டுத் தடவை அப்படி வந்துவிட்டது. டொக்டர் பார்த்தார், ஒரு மருந்தை ஏற்றினார், தலையை ஆட்டினார். "இதுக்கு மேல எங்கட கையில ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தாதி சாரங்காவைப் பிரசவ அறையில் கூப்பிட்டார்கள். "நான் வருமட்டும் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா" என்று அவளும் ஓடினாள்.

புனிதம் தனியே நின்றாள். பிள்ளையின் உதடு சாம்பல் நிறமாகக் கிடந்தது. அவள் விரலை நனைத்து மூன்று சொட்டு விட்டாள். சொல்லவேண்டியதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் பாரம் இறங்கியது. இறங்கின கையோடு அவள் செய்ததுதான் பெரிய காரியம். அந்தப் பெட்டிக்குள் இருந்த சூட்டுப் போத்தல் இரண்டையும் எடுத்தாள். ஒன்றைப் பக்கத்துப் பெட்டிப் பிள்ளைக்கு வைத்தாள், மற்றதை அதற்கு அடுத்த பிள்ளைக்கு. போகிற பிள்ளைக்கு எதற்குச் சூடு, இருக்கிற பிள்ளைக்கு உதவட்டும் என்பது அவளுடைய கணக்கு. அந்த நாலு பிள்ளைகளுக்கும் அவள் இதையேதான் செய்திருந்தாள்.

நிமிர்ந்தால் வாசலில் சிவலட்சுமி, கையில் பால் கோப்பையோடு. எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. புனிதத்தின் வாயில் எத்தனையோ பொய்கள் எப்போதும் தயாராக இருக்கும். அந்த நேரம் பார்த்து ஒன்றுகூட வரவில்லை. சிவலட்சுமி கோப்பையை யன்னல் படியில் வைத்தாள். திரும்பி நடந்து போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்துவிட்டாள்.

சிறிது நேரத்தில் சாரங்கா வந்தாள். பெட்டிக்குள் கையை விட்டவள், "போத்தல் எங்க?" என்றாள்.

"ஆறிப்போச்சுது மிஸி. மாத்துறதுக்கு எடுத்தனான்" என்றாள் புனிதம்.

சாரங்கா வேறு இரண்டு போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பிப் பிள்ளையோடு அணைத்து வைத்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பொழுதுபடும்வரை சுண்டிக்கொண்டே இருந்தாள். பின்னேரம் பிள்ளையின் உதட்டில் நிறம் வந்தது. அடுத்த நாள் மூச்சை இரண்டு தடவைதான் மறந்தது.

பிள்ளை திரும்பிவிட்டது. தாய் திரும்பவில்லை. சிவலட்சுமி அறைப்பக்கமே வரவில்லை. பாலும் பீய்ச்சவில்லை. "வந்து பாருங்கோ, நல்லாயிருக்கிறா" என்று சாரங்கா கூப்பிட்டாள். "ஓம் மிஸி" என்று சொல்லிவிட்டு சிவலட்சுமி அப்படியே கிடந்தாள். அவளைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை போய்விட்டது. இனி யார் வந்து என்ன சொன்னாலும் அதுவும் புனிதம் சொன்ன மாதிரி ஒரு தேறுதல்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்தது. டொக்டர் ஏசினார். மற்றத் தாய்மாரிடம் கேட்டு வாங்கிய பால் இரண்டு கரண்டிக்கு மேல் தேறவில்லை. எட்டாம் நாள் நிறுத்துப் பார்த்தபோது பிள்ளை ஆயிரத்து நூற்றைம்பது கிராமுக்கு இறங்கியிருந்தது. "தாய்ப்பால் இல்லாட்டி இனி ரெண்டு நாள்தான்" என்றார் டொக்டர்.

ஏன் இப்படி என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கின ஒரே ஆள் சுடுதண்ணீர்ப் பானைக்கு முன்னால் குந்தி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சொன்னால் வேலை போகும் என்று பயந்தாள். அதைவிட, கும்பிட்ட ஆட்கள் இனி எப்படிப் பார்ப்பார்கள் என்று பயந்தாள். பிள்ளை மெலிந்து போகிறதைக் கண்ணால் கண்டுகொண்டே இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் யோகநாதன் வந்தான். சாரங்கா அவனிடம் உள்ளதைச் சொன்னாள். அவன் வாட்டு வாசலில் போய் நின்றான். அதிகம் கதைக்காத மனுசன் அன்றைக்கு வாட்டு முழுக்கக் கேட்கக் கதைத்தான்.

"நீர் ஒரு தாயோ? உயிரோட கிடக்கிற பிள்ளைக்குப் பால் குடுக்காமல் படுத்துக் கிடக்கிறீர். உம்மைப்போல கல்நெஞ்சுக்காரியை நான் காணேல்லை."

கட்டில்களில் இருந்த தாய்மார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் புனிதம் வாட்டுக்குள் தண்ணீர் வாளியோடு நின்றாள். சிவலட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். புருசனைப் பார்க்கவில்லை. புனிதத்தைத்தான் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும், அத்தனை பழியும் இடம் மாறிவிடும். அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஏச்சை முழுவதும் வாங்கினாள்.

புனிதத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னுடைய ஏச்சை இன்னொருத்தி வாங்கிக்கொண்டிருக்கிறாள். தான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாயாற்று வாடிக்குள் அவளுக்குத் தெரியாமல் போயிற்று, அதற்கு அழலாம். இங்கே எல்லாம் தெரிந்துகொண்டு நிற்கிறதற்கு என்ன பெயர் சொல்வது? வாளியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"தம்பி, அவவை ஏசாதேங்கோ. ரெண்டு பேரும் ஒருக்கா வெளிய வாங்கோ."

சைக்கிள்கள் சாத்தியிருந்த வேப்பமரத்துக்குக் கீழே அவர்களை இருத்தினாள். தான் நின்றாள். ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னாள். பிள்ளை போகப்போகுது என்று தானே முடிவு கட்டியது, ஆளில்லாத நேரம் தண்ணீர் ஊற்றியது, போத்தல் இரண்டையும் எடுத்தது, சாரங்காவுக்குப் பொய் சொன்னது, சிவலட்சுமி அதைக் கண்டது, கண்டதால்தான் பாலை விட்டது. சொல்லச் சொல்லத் தன் குரல் வேறு யாரோ கதைப்பதுபோல் அவளுக்குக் கேட்டது.

யோகநாதன் எழுந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் அடிக்கவில்லை.

"உயிரோட கிடக்கிற பிள்ளைக்கு வாய்க்கரிசி போட்டிருக்கிறியள்" என்றான்.

"ஓம் தம்பி."

"என்னட்டப் பேர் யோசிக்கச் சொல்லிப்போட்டு."

"ஓம்."

"இதுக்கு முன்னமும் இப்பிடிச் செய்தனீங்களோ?"

"நாலு பிள்ளையளுக்கு."

"அதுகள்?"

"செத்துப்போச்சுதுகள்."

"போத்தலை எடுத்தபடியாலோ?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டதில்லை. அந்த நாலு தடவையும் சாரங்கா நேரத்துக்குத் திரும்பி வரவில்லை. புனிதம் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாது" என்றாள்.

அதன் பிறகு சிவலட்சுமிதான் வாயைத் திறந்தாள். காய்ச்சலில் குரல் கரகரத்தது.

"தண்ணி ஊத்தினது எனக்குப் பெரிசில்லை அக்கா. எந்தச் சாமியின்ர பேரைச் சொன்னாலும் பிள்ளைக்கு நல்லதுக்குத்தான் சொல்லுறது. ஆனா நீங்கள் அண்டைக்குக் காலமையும் என்ர தலையைத் தடவி, தப்பும் தப்பும் எண்டு சொன்னனீங்கள். உங்கட மனசில அது அப்பவே செத்துப்போச்சுது. அப்ப அதை ஆருக்குச் சொன்னனீங்கள்?"

புனிதம் யாருக்குச் சொன்னாள்? கும்பிடு வாங்குவதற்குச் சொன்னாள். அழுகிற முகத்துக்கு முன்னால் சும்மா நிற்கப் பயந்து சொன்னாள். அதை எப்படிச் சொல்வது?

"சரி. இப்ப உள்ளதைச் சொல்லுங்கோ. என்ர பிள்ளை தப்புமோ?"

பழைய வாய் திறக்கப் பார்த்தது. 'தப்பும்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. புனிதம் அதை விழுங்கினாள்.

"தெரியாது பிள்ளை. இண்டைக்கு மூச்சு விடுகுது. நிறை குறைஞ்சு கொண்டு போகுது. பால் வேணுமாம். டொக்டர் சொன்னது அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கு ஒண்டும் தெரியாது."

சிவலட்சுமி அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு சீலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப இன்னும் போகேல்லை" என்றாள். "என்ர கோப்பை எங்க?"

அன்று முழுக்க அவள் அழுத்திப் பிசைந்து பாடுபட்டாள். யோகநாதன் ஊருக்குத் திரும்பவில்லை. சுடுதண்ணீரில் நனைத்த துணியை வாட்டு வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தான். ஏசின வாயாலேயே, "வலிச்சா நிப்பாட்டும், லட்சுமி" என்று கெஞ்சினான். பின்னேரம் கோப்பையின் அடியில் ஒரு கரண்டிப் பால் சேர்ந்தது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் அறைக்குப் போனாள். புனிதம் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

டொக்டரிடமும் புனிதமே போய்ச் சொன்னாள். அவர் ஏசவில்லை. "நானும் கையை விரிச்சனான்தானே" என்றார். ஆனால் அவளை அந்த அறையிலிருந்து தூக்கிக் குசினிச் சமையல் வேலைக்குப் போட்டார். ஆறு மாதம் கழித்துத்தான் திருப்பி எடுத்தார், அதுவும் சாரங்கா பொறுப்பு நின்றபடியால். ஒருத்தருக்கும் தெரியாமல் எதையும் செய்யக்கூடாது, தாய் தகப்பன் கேட்காமல் தண்ணீர் ஊற்றக்கூடாது, உயிர் இருக்குமட்டும் போத்தலைத் தொடக்கூடாது என்று சாரங்கா சொன்னாள். சொல்லாமலே அவளுக்கு அது தெரிந்திருந்தது. அந்த நாலு தாய்மாரையும் தேடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று நினைப்பாள். இடம்பெயர்ந்த சனத்தில் யார் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாமல் போனதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

குசினியில் நின்ற அந்த நாட்களில் சிவலட்சுமியின் பிள்ளையைப் பற்றி மற்றவர்கள் கதைக்கிறதைக் கேட்டுத்தான் அறிந்தாள். நிறை நின்றது. பிறகு ஏறியது. குழாயைக் கழற்றினார்கள். முலையில் வாய் வைத்தது. நாற்பத்தேழாம் நாள், ஆயிரத்துத் தொளாயிரம் கிராமில், வீட்டுக்கு அனுப்பினார்கள்.

யோகநாதன் மாட்டு வண்டில் கொண்டுவந்திருந்தான். வைக்கோல் பரப்பி அதற்கு மேல் பாய் விரித்திருந்தான். புனிதம் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர்களுடைய பையை எடுத்துக்கொண்டு படலைவரை கூட நடந்தாள். யோகநாதன் பையை அவளிடமிருந்து வாங்கி வண்டிலில் வைத்தான். சிவலட்சுமி வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையோடு நின்றாள். பிள்ளை கண்ணைத் திறந்து வெயிலுக்குச் சுருக்கியது. நெற்றியில் கறுத்தப் பொட்டு வைத்திருந்தார்கள்.

புனிதம் தன்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். சிவலட்சுமி பிள்ளையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா. கோவமில்லை. நீங்கள் வந்து சொல்லியிராட்டி இது இண்டைக்கு இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனா உங்கட கையில தரப் பயமாக் கிடக்கு."

அதில் குத்தல் இல்லை, பழி இல்லை. உள்ளதைச் சொல்லுங்கோ என்று கேட்டவள், தானும் உள்ளதைச் சொன்னாள். புனிதத்தின் முகம் எரிந்தது. நீட்டின கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஓம் பிள்ளை. அது சரிதான்" என்றாள்.

சிவலட்சுமி வண்டிலில் ஏறி இருந்தாள். புனிதம் படலையை அகலத் திறந்து பிடித்தாள். வண்டில் அவளைக் கடந்து வீதிக்கு ஏறியது.